சந்தை நிறைய ஆடுகள், பிள்ளையின் தட்டில் என்ன?

2025 ஆகஸ்ட் 26 அன்று, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நகர்ப்புறத்தில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மாநிலம் முழுவதும் சுமார் 20 லட்சம் பிள்ளைகள் இப்போது பள்ளியிலேயே காலை உணவு பெறுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் முஸ்லிம்கள் நிர்வகிக்கும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். அல்ஹம்துலில்லாஹ், நல்ல செய்தி. இந்த நேரத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் பிள்ளைகளுக்கு வயிறு நிறைகிறது. அவர்கள் வளர்வதற்கான புரதம் நாள்தோறும் கிடைக்கிறதா?

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஒடுகத்தூரில் வாரந்தோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. பக்ரீத் நெருங்கினால் அங்கே கால் வைக்க இடமிருக்காது. பக்கத்திலேயே ஆம்பூர், அதன் பிரியாணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கறிக்குப் பெயர்போன இந்த வட்டாரத்திலா புரதக் குறை?

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். மாவுச்சத்தையும் கொழுப்பையும் போலப் புரதத்தைத் தனியாகச் சேமித்து வைக்கும் ஏற்பாடு உடலில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வயிறு முட்டச் சாப்பிட்ட கறியைப் புதன்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. வலீமா விருந்திலும் பெருநாளிலும் கிடைப்பது மகிழ்ச்சிக்கான உணவு. வளர்ச்சிக்கான உணவு அன்றாடம், கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்க வேண்டும்.

நம் வட்டாரத்தின் அன்றாடத்தைப் பாருங்கள். பல வீடுகளில் தந்தை தோல் தொழிற்சாலைக்கும் தாய் ஷூ கம்பெனிக்கும் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைக்கு டீயும் பன்னும். மதிய டப்பாவில் எலுமிச்சைச் சோறும் சிப்ஸும். இரவில் ரசம். இதில் பசி அடங்கும். பருப்பும் முட்டையும் பாலும் எங்கே?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 4 முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 கிராம், 7 முதல் 9 வயதில் 23 கிராம், 10 முதல் 12 வயதில் 32 கிராம் புரதம் தேவை. எட்டாத அளவு அல்ல இது. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு கைப்பிடி வேர்க்கடலையிலோ 30 கிராம் பருப்பிலோ 6, 7 கிராம். சோற்றிலும் புரதம் உண்டு. ஆனால் அதில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைய இருப்பதால், சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. தட்டில் பருப்பு கெட்டியாக விழ வேண்டும். மேலே தெளிந்து நிற்கும் பருப்புத் தண்ணீர் பருப்பு ஆகாது.

குறை இருப்பதை அரசின் கணக்கே காட்டுகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். இதற்குப் புரதக் குறை மட்டுமே காரணமல்ல. அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, சுகாதாரமற்ற தண்ணீர், தாயின் இரத்தசோகை எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் நம் கைக்கு எட்டும் காரணம் தட்டில் இருக்கிறது.

இதில் தமிழகம் செய்திருப்பது சிறிய காரியமல்ல. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அது படிப்படியாகக் கூடி, 2010இல் வாரம் ஐந்து முட்டை ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். பிற மாநிலங்களில் இதே முட்டை அரசியல் சண்டையாகியிருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2025 ஜனவரியில் பள்ளி முட்டைக்கான தன் நிதியை நிறுத்தியது. கர்நாடகத்தில் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை 2024இல் பொறுப்பேற்ற பிறகே வாரம் ஆறு நாள் முட்டை என்ற நிலை வந்தது. இங்கே ஆட்சிகள் மாறியும் முட்டை நிற்கவில்லை.

ஆனால் இந்த முட்டை அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும்தான். கடன் வாங்கியாவது சுயநிதி ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் நம்மில் ஏராளம். அந்தப் பிள்ளைக்குக் காலை உணவும் இல்லை, மதிய முட்டையும் இல்லை. அந்த இடத்தை யார் நிரப்புவது? பெரும்பாலும் டப்பாவில் விற்கும் சத்துப் பவுடர் நிரப்புகிறது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா போன்ற பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியதை மறந்துவிட வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்கினால் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒரு முட்டை 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மக்தபுக்கு வரும் 50 பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 350 ரூபாய். மாதம் 22 நாளுக்கு 7,700 ரூபாய். முட்டை வேண்டாத நாளில் கொண்டைக்கடலைச் சுண்டல். ஜகாத்துக்கு உரியவர்கள் யார் என்று மார்க்கம் வரையறுத்திருப்பதால், ஏழை, பணக்காரப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான இந்தச் செலவை ஸதகாவிலிருந்து செய்வதே சரி. நம் நிர்வாகத்தில் உள்ள சுயநிதிப் பள்ளிகளும் வாரத்தில் சில நாளாவது இதைத் தொடங்கலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியில் தரும் முட்டையைப் பிள்ளை சாப்பிடுகிறதா, வெட்கப்பட்டு ஒதுக்குகிறதா என்று கேளுங்கள். அது இலவசச் சோறு அல்ல, உங்கள் வரிப்பணத்தில் பிள்ளைக்குச் சேர வேண்டிய உரிமை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கி மூலையில் வைக்காதீர்கள். ஆணுக்கு முட்டை, பெண்ணுக்குக் குழம்பு என்று பிரிக்காதீர்கள். 10 முதல் 12 வயதில் பெண் பிள்ளையின் புரதத் தேவை ஆண் பிள்ளையின் தேவையைவிடக் குறைந்ததல்ல. பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணுவது நாளைய டப்பாவில் வைக்கும் ஒரு முட்டையிலும் இருக்கிறது.