மேசைக்கும் மேசைக்கும் நடுவே

நாம் அறிந்த கந்தோர் ஒன்றில் இலிகிதர் இருவர் அடுத்தடுத்த மேசைகளில் இருந்து பணியாற்றினர். இடையே நான்கு முழத் தூரந்தான். ஆயினும் ஆண்டுக் கணக்காக அவர்கள் ஒருவரோடொருவர் பேசியதில்லை. கோப்பொன்று ஒரு மேசையிலிருந்து மற்றதற்குச் செல்ல வேண்டுமாயின் பியோன் வந்தாக வேண்டும். பியோன் லீவெடுத்த அன்று கோப்புக்கும் லீவு. வெளியே வாங்கில் காத்திருக்கும் மூதாட்டிக்கு, “நாளைக்கு வாருங்கோ, ஆச்சி” என்ற விடை கிடைக்கும். சண்டையின் மூலத்தை விசாரித்தோம். ஒருவர் லீவில் நின்றபோது அவருடைய வேலையை மற்றவர் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தவர் அதிலிருந்த பிழையொன்றை மேலதிகாரியின் முன்னிலையில் எடுத்துக் கூறிவிட்டார். அவ்வளவே.

இந்நோய்க்கு நமது கந்தோர்களில் வழக்கமான வைத்தியம் இரண்டு. ஒன்று பெட்டிசம்; அதிலும் கையொப்பமில்லாத மொட்டைப் பெட்டிசத்துக்கு மவுசு அதிகம். மற்றது இடமாற்றம். பெட்டிசம் விசாரணையைக் கொண்டுவரும். விசாரணையோ குற்றவாளி யார் என்று கேட்கும். மேற்கூறிய இருவருள் குற்றவாளி யார்? இடமாற்றம் ஆளை அகற்றுமேயன்றி மனத்தாங்கலை அகற்றாது. அது பெட்டி படுக்கையுடன் கூடவே பஸ் ஏறிவிடும்.

தனியார் கம்பெனித் தொழிலாளிக்கு 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் உண்டு. தொழில் கொள்வோர் என்ற நிலையில் அரசாங்கம் அச்சட்டத்துக்கு உட்பட்டதன்று. அரசாங்க ஊழியர் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆனால், பேசாதிருக்கும் இருவரைப் பேசவைப்பது அதன் வேலையன்று.

ஊருக்குள் வேலிச் சண்டை வந்தால் நிலைமை வேறு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகளை வாசகர் அறிவர். பிணக்காளர் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவர். மூவரும் தீர்ப்புக் கூறார். இணக்கம் பிறந்தால் அதனை எழுதுவர். பிறவாவிடின் பிறக்கவில்லை என்று சான்றிதழ் கொடுப்பர்.

இத்தகைய மத்தியஸ்தத்தை அரசாங்க சேவையொன்றினுள்ளேயே நடத்திப் பார்த்தவர்கள் ஐக்கிய அமெரிக்கத் தபாற் சேவையினர். அங்கே மேற்பார்வையாளருக்கும் ஊழியருக்கும் இடையே நிலவிய கசப்புப் பேர்போனது. 1994ஆம் ஆண்டு புளோரிடாவின் வடபகுதியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய திட்டம், அந்தப் பத்தாண்டு முடியுமுன் நாடு முழுவதும் பரவியது. தமக்குப் பாரபட்சம் காட்டப்பட்டது என்று முறையிடும் ஊழியர் விரும்பினால் மத்தியஸ்தம் கேட்கலாம். கேட்டுவிட்டாலோ மேற்பார்வையாளர் வந்தே தீரவேண்டும். வேலை நேரத்திலேயே சந்திப்பு, ஊழியருக்குச் செலவில்லை. மத்தியஸ்தர் வெளியார். அவரும் தீர்வு சொல்லார். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும்வரை இருவரையும் பேசவைப்பதே அவர் கடமை.

இத்திட்டத்தை ஆராய்ந்தோர் கண்டது நமக்கு வியப்பளித்தது. பேச்சு நடந்த முறை திருப்தி தந்தது என்று பத்தில் ஒன்பது பேர் கூறினர். முறையிட்டோர் மாத்திரமன்றி, முறையிடப்பட்டோரும் அவ்வாறே கூறினர். கிடைத்த முடிவில் திருப்தியுற்றோர் தொகை அதனிலும் குறைவு. கேட்டது கிடையாதவர்களிலும் பலர் மனநிறைவோடு எழுந்து சென்றனர் என்பதே இதன் பொருள். தாம் சொன்னதை மேலதிகாரி இடைமறியாது இருந்து கேட்டார் என்பது அவர்களுக்குப் பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். வீட்டிலே பிள்ளைகளின் சண்டையைத் தீர்க்கும் தாய்மாருக்கு இது புதுமையன்று.

ஒன்று சொல்லாமல் விட முடியாது. இலஞ்சமும் கையாடலும் மத்தியஸ்தத்துக்குரியவை அல்ல. பெண் ஊழியர் ஒருவரிடம் மேலதிகாரி முறைகேடாக நடந்திருந்தால், “சமாதானமாய்ப் போங்கோ, பிள்ளை” என்று மூன்று பேர் சூழ்ந்திருந்து சொல்வது மத்தியஸ்தமாகாது. அது வாயை அடைப்பது. அங்கே விசாரணையே வேண்டும். மத்தியஸ்தர் கந்தோருக்கு வெளியே இருந்து வரவேண்டும் என்பதிலும் நாம் பிடிவாதமாயிருக்கிறோம். பெரியவரின் நண்பர் நடுவே அமர்ந்தால் சிறியவர் வாய் திறவார்.

நாம் தொடக்கத்திற் கூறிய இலிகிதருள் மூத்தவர் பின்னர் ஓய்வு பெற்றார். பிரியாவிடை வைபவத்துக்குக் கந்தோர் முழுவதும் திரண்டது. மற்றவரும் வந்திருந்தார், கையில் மாலையும் இருந்தது. தம்முறை வந்தபோது எழுந்தார், சற்று நின்றார், பின்பு மாலையைப் பியோனிடம் கொடுத்துவிட்டு அமர்ந்துகொண்டார்.