மேட்டுக்கு ஏறும் தண்ணீரும் கீழே இருப்பவரின் உரிமையும்



கூடலூர்ப் பகுதியின் மலைச்சரிவில் அமைந்துள்ள எங்கள் மத்ரஸாவில் மழைக்காலம் வந்தால்தான் தண்ணீர்த் தட்டுப்பாடு தொடங்கும். கேட்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். காற்றிலும் மழையிலும் மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்துவிடும். இரண்டு நாள், மூன்று நாள் மின்சாரம் இராது. கீழே ஓடை நுரைத்து ஓடிக்கொண்டிருக்கும். மேலே எங்கள் ஹவுள் வற்றிக் கிடக்கும். சுப்ஹுத் தொழுகைக்கு முன்பே அறுபது பிள்ளைகள் குடங்களுடன் வழுக்கும் படிகளில் இறங்கி ஏறுவார்கள். ஓதுவதற்கு உட்காரும்போது பாதிப் பேரின் உடை நனைந்திருக்கும், கண்கள் சொருகும்.

ஒரு நல்லடியார் தம் பெற்றோரின் பெயரால் மின்மோட்டார் ஒன்றை வாங்கித் தந்திருந்தார். குறைந்த மின்னழுத்தத்தில் இருமுறை அது எரிந்துபோனது. மூன்றாவது முறை பழுது பார்க்கப் பணமில்லை. மோட்டார் அறையின் சுவரில் பதித்த கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருந்தது.

அந்நிலையில்தான் எங்கள் பள்ளிவாசலுக்குத் தொழ வரும் குழாய்ப் பணியாளர் ஒருவர், மின்சாரமும் டீசலும் இன்றி ஓடைநீரைக் கொண்டே ஓடைநீரை மேலே ஏற்றும் ராம் பம்பைப் பற்றிச் சொன்னார். அதை நாங்கள் நிறுவி இயக்கிய அனுபவத்திலிருந்து நம் சமுதாயத்தின் முன் இரண்டு கருத்துகளை வைக்க விரும்புகிறோம்.

முதலில் இக்கருவியின் இயல்பைக் கூறிவிடுவோம். ‘ராம்’ என்பது ஆங்கிலத்தில் முட்டுகின்ற செம்மறிக் கடாவைக் குறிக்கும் சொல். பிரெஞ்சு மொழியிலும் இதற்கு ‘நீர்க்கடா’ என்ற பொருளிலேயே பெயர் வழங்குகிறது. சரிவான குழாயில் வேகமாக இறங்கிவரும் நீரைச் சட்டென்று தடுத்தால் அது கடா முட்டுவதைப் போல முட்டும். வீட்டில் குழாயைத் திடீரென மூடும்போது சுவருக்குள் ‘டொக்’ என்று ஓர் ஒலி கேட்கிறதல்லவா? அதே அடிதான் இங்கே பயன்படுகிறது.

ஓடையிலிருந்து வரும் நீர் முதலில் பம்பின் கழிவு வால்வு வழியாக வெளியே கொட்டுகிறது. வேகம் கூடியதும் அந்த நீரே வால்வைத் தள்ளி மூடிவிடுகிறது. போக வழியற்ற நீர் பெரும் அழுத்தத்துடன் இன்னொரு வால்வைத் திறந்துகொண்டு காற்றுக்கலத்திற்குள் சிறிதளவு நுழைகிறது. உள்ளே அடைபட்டுள்ள காற்று சுருங்கி, பின் விரிந்து, அந்நீரை மேலே செல்லும் குழாயில் தள்ளுகிறது. அழுத்தம் தணிந்ததும் கழிவு வால்வு தன் எடையால் மீண்டும் திறக்கிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 முறை இரவும் பகலும் இது நிகழ்ந்துகொண்டே இருக்கும்.

எங்கள் கணக்கு இது: ஓடையில் நீர் எடுக்கும் இடத்திற்கும் பம்பு இருக்கும் இடத்திற்கும் 2 மீட்டர் இறக்கம். பம்பிலிருந்து மத்ரஸாத் தொட்டிக்கு 20 மீட்டர் ஏற்றம். நிமிடத்திற்கு 60 லிட்டர் நீர் குழாயில் இறங்குகிறது. 60-ஐ 2-ஆல் பெருக்கி, 20-ஆல் வகுத்தால் 6 லிட்டர். இது முழுத்திறனுக்கான கணக்கு. உராய்விலும் அதிர்விலும் இழப்பது போக நூற்றுக்கு அறுபது பங்கே கைக்குக் கிட்டும் என்று கொண்டால் நிமிடத்திற்கு 3.6 லிட்டர். அற்பமாகத் தோன்றுகிறதா? ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். ஆக 5,184 லிட்டர். அறுபது பிள்ளைகளுக்குத் தலைக்கு 80 லிட்டருக்கு மேல் வருகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏறத்தாழ முக்கால் லிட்டருக்கும் மேற்படாத ஒரு முத்து அளவு நீரில் ஒளூச் செய்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லும் நமக்கு இது தாராளமான அளவே.

அமைக்கும்போது நாங்கள் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொல்கிறோம். செலவைக் குறைக்க எண்ணி, ஓடையிலிருந்து பம்புக்கு வரும் குழாயைப் பிளாஸ்டிக்கில் போட்டோம். ஒவ்வோர் அடிக்கும் குழாய் சற்றே உப்பி, அடியின் வலிமையைத் தானே விழுங்கிவிட்டது. நீர் பாதி உயரம்கூட ஏறவில்லை. பிறகு 2 அங்குல இரும்புக் குழாயை 12 மீட்டர் நீளத்திற்கு, வளைவின்றி நேராகப் பதித்தோம். இக்குழாய் இறக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு நீளம் இருப்பது நல்லது. மேலே ஏறும் குழாய் முக்கால் அங்குலப் பிளாஸ்டிக் குழாயாக இருந்தாலே போதும்.

சில வாரங்களில் பம்பு கடகடவென்று உலோகம் அதிரும் ஒலியுடன் ஓடத் தொடங்கியது. காற்றுக்கலத்தில் இருந்த காற்று கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைந்து வெளியேறிவிட்டதே காரணம். காற்றடைத்த சைக்கிள் ட்யூப் ஒன்றைக் கலத்திற்குள் வைத்து மூடிய பின்பு அந்தத் தொல்லை தீர்ந்தது. பம்பைச் சிமெண்ட் மேடையில் இறுக்கிப் பிணைக்கவில்லையென்றால் அது தன் அடியாலேயே இடம்பெயர்ந்துவிடும். நீர் எடுக்கும் வாயில் வலை கட்டாவிட்டால் ஒரே ஓர் இலை போதும், வால்வு மூடாமல் நின்றுவிடும். நின்றதைக் கிளப்புவது எளிது: கழிவு வால்வைக் கையால் சில முறை அழுத்தி விட்டால் மேல்குழாயில் அழுத்தம் ஏறித் தானே ஓடத் தொடங்கும்.

நம் மேடைகளில் எந்தக் கருவியைப் பற்றிப் பேசினாலும் அதை நம் முன்னோரே கண்டுபிடித்தார்கள் என்று முழங்கும் வழக்கம் உண்டு. இந்தக் கருவிக்கு அது பொருந்தாது. 1772-இல் ஜான் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் கையால் குழாயைத் திறந்து மூடும் வகையில் இதன் முதல் வடிவத்தை அமைத்தார். 1796-இல் பிரான்சில், வெப்பக்காற்றுப் பலூனால் புகழ்பெற்ற சகோதரர்களுள் ஒருவரான ஜோசப் மொங்கோல்ஃபியே அதைத் தானே இயங்குமாறு செய்து தம் காகித ஆலைக்குப் பயன்படுத்தினார். நம் அல் ஜஸரீ 1206-இல் நிறைவு செய்த நூலில் நீரை மேலேற்றும் ஐந்து பொறிகளை விவரித்தார். அவற்றுள் ஆற்றின் விசையால் இயங்கும் பம்பும் ஒன்று. ஆயினும் அது வேறு பொறி. பிறர் உழைப்பைப் பிறருடையதென்று ஒப்புக்கொள்வதும் நேர்மையே.

இனி நாம் சொல்ல வந்த முதற் கருத்து. பம்பு ஓடத் தொடங்கிய முதல் கோடையில், கீழ்ச்சரிவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் மத்ரஸாவுக்கு வந்தார். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். திண்ணையில் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “ஹஜ்ரத், நீங்க தொழறதுக்கு எடுக்கிற தண்ணிய நான் கேக்கல. மிச்சம் எங்க போகுதுன்னுதான் கேக்கறேன்” என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. ஏனெனில் மிச்சம் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியும். நிமிடத்திற்கு 3.6 லிட்டர் மேலே ஏறுகிறது. மீதி 56 லிட்டருக்கு மேல் கழிவு வால்வு வழியே கொட்டுகிறது. ‘வீணாகப் போகிறதே’ என்று எண்ணி, அதை வாய்க்கால் வெட்டி மத்ரஸாவின் வாழைத் தோட்டத்திற்குத் திருப்பியிருந்தோம். மழைக்காலத்தில் ஓடை பெருகி ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. கோடையில் ஓடையில் வந்ததே அவ்வளவுதான். அதை முழுவதும் நாங்களே எடுத்துக்கொண்டிருந்தோம். கருவியின் மொழியில் ‘கழிவு’ என்று சொல்லப்படுவது கீழே இருப்பவருக்கு வாழ்வு என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

மதீனாவின் ஹர்ராப் பகுதி வாய்க்கால் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரித் தோழர் ஒருவருக்கும் பிணக்கு ஏற்பட்டபோது, மேலே இருப்பவர் தம் தேவைக்குப் பாய்ச்சிவிட்டு அண்டை நிலத்தாருக்கு நீரை விட்டுவிட வேண்டும் என்றே நபி (ஸல்) அவர்கள் முதலில் கூறினார்கள். இந்த ஹதீஸை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துபவர்கள் நாங்கள். பறிக்கப்பட்ட நீரில் ஒளூச் செய்தால் ஒளூ நிறைவேறினாலும் பாவம் நீங்காது என்ற சட்டத்தையும் நாங்களே கற்பிக்கிறோம். ஓதிக்கொடுத்தது எங்கள் ஓடைக்கு வந்து சேரவில்லை.

அன்று அஸருக்குப் பின் மாணவர்களே மண்வெட்டியுடன் இறங்கி வாய்க்காலை மூடினார்கள். இப்போது கழிவு நீர் முழுவதும் பம்புக்கு அருகிலேயே ஓடையில் சேர்கிறது. அறுபது லிட்டரில் கீழே இருப்பவர் இழப்பது நான்கு லிட்டருக்கும் குறைவு. அதையும் அவரிடம் கேட்டு, அவர் மனமொப்பிய பிறகே எடுக்கிறோம். எனவே ஓடைநீரைத் தொடும் எவரும், அதற்குரிய அரசு அனுமதியைப் பெறுவதோடு நின்றுவிடாமல், ஓடையோரமாகக் கீழே நடந்து சென்று அங்கே யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுக் குழாயை வாங்குங்கள்.

இரண்டாவது கருத்து நம் தர்மத்தின் முறையைப் பற்றியது. தண்ணீர் தருவது சிறந்த ஸதகா என்பதை அறியாதவர் நம்மில் இல்லை. ஆழ்துளைக் கிணறு, மோட்டார், தொட்டி என்று அள்ளி வழங்கும் கைகள் நம் சமுதாயத்தில் நிறைய உண்டு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வால்வில் தேய்ந்த ரப்பரை மாற்றப் பணம் கேட்டால் கொடுப்பார் அரிது. ரப்பர் வளையத்தின் மீது பெயர் பொறிக்க முடியாதல்லவா? எங்கள் பம்பின் மொத்தச் செலவு அந்த மின்மோட்டாரின் விலையில் பாதியைத் தாண்டவில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை ரப்பர், வாரம் ஒருமுறை வலையைச் சுத்தம் செய்ய ஓர் ஆள்: இவைதாம் தேவை. இவை இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு கல்வெட்டாகிவிடும்.

கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் மக்காவுக்குக் கொண்டுவந்த நீர்க்கால்வாய் நூற்றாண்டுகள் கடந்தும் பயன் தந்தது. வெட்டியவர் ஒருவர், இடிந்தபோதெல்லாம் செப்பனிட்டவர்கள் பலர். பெயர் தெரியாத அந்தப் பலருக்கும் நன்மை எழுதப்பட்டிருக்கும் என்பதே நம் நம்பிக்கை. ஸதகா ஜாரியா என்பதன் பொருளே ஓடிக்கொண்டிருக்கும் தர்மம். நின்றுபோன மோட்டாருக்கு அப்பெயர் எப்படிப் பொருந்தும்? ஆகவே, எந்த நீர்த்திட்டத்திற்கு நிதி வழங்கினாலும் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்றே வக்ஃபாக ஒதுக்குங்கள் என்று மஹல்லாப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ராம் பம்ப் எல்லா ஊருக்கும் உரியதன்று. ஓடுகின்ற நீரும் இறக்கமும் இரண்டும் வேண்டும். கிணற்றிலிருந்தோ தேங்கிய குளத்திலிருந்தோ இது நீர் இறைக்காது. காயல்பட்டினம், நாகூர் போன்ற சமவெளிக் கடற்கரை ஊர்களில் இதற்கு வேலையில்லை. நீலகிரி, வால்பாறை, இலங்கையின் மலைநாடு ஆகிய பகுதிகளில் ஆண்டு முழுவதும் ஓடும் ஓடையருகே வாழும் ஜமாஅத்தார் இதை அவசியம் எண்ணிப் பார்க்கலாம். ஐயமுள்ளவர்கள் எங்கள் மத்ரஸாவுக்கு நேரில் வந்து, வால்வைத் தங்கள் கையாலேயே அழுத்திப் பார்க்கலாம்.

இப்போது எங்கள் பிள்ளைகள் சுப்ஹுக்கு முன் குடம் தூக்குவதில்லை. வெள்ளிதோறும் ஜும்ஆவுக்கு முன்பு இருவர் ஓடைக்கு இறங்கி வலையைக் கழுவுகிறார்கள். வரும் வழியில் கீழ்த்தோட்டத்துப் பெரியவரிடம், “தாத்தா, தண்ணி சரியா வருதா?” என்று கேட்டுவிட்டு வர வேண்டும் என்பதும் அவர்களுடைய பொறுப்பு. அவர் சரி என்று சொன்னதை வந்து எங்களிடம் சொன்ன பிறகே அந்த வேலை முடிந்ததாகக் கொள்கிறோம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் நீரின் நன்றியுணர்ந்தவர்களாகவும் அண்டையாரின் உரிமை பேணுபவர்களாகவும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.