"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே!"

யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையோடு வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பழகிப்போன பதில் இது: "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு மாத்திரை?" சொல்பவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. காலில் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, சாப்பாடும் தூக்கமும் சரியாக இருக்கின்றன. ஆனால், அந்த 'ஒண்ணும் இல்லை' என்பதே உள்ளே இருக்கும் புழு பார்த்த வேலையாக இருக்கலாம்.

நூல் போல மெலிந்த இந்தப் புழுவில் பெண் இனம் 8 முதல் 10 செ.மீ. வரை வளரும். அது குடியிருக்கும் இடம்தான் வேடிக்கை: நிணநீர்க் குழாய். கிருமிகளைப் பிடிக்கும் வெள்ளை அணுக்கள் அன்றாடம் போய்வரும் பாதை அது. காவல் நிலைய வாசலில் குடிசை போட்ட திருடனைப் போல, ஆறு முதல் எட்டு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து லட்சக்கணக்கில் குட்டி போடுகிறது.

எப்படி முடிகிறது? நம் உடம்பில் தடுப்பாற்றல் எல்லை மீறிப் போகாமல் அடக்கிவைக்க 'ஒழுங்காற்று டி செல்கள்' இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்த ஆய்வுக்குத்தான் 2025-ன் மருத்துவ நோபல் பரிசு பிரன்கோ, ராம்ஸ்டெல், சககுச்சி ஆகிய மூவருக்கும் கிடைத்தது. வண்டிக்கு பிரேக் போல உடம்புக்கு இவை. புழு அந்த பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் குட்டிப் புழுக்கள் நெளிகின்றன, உடம்போ கண்டுகொள்வதில்லை.

புற்றுநோய்க் கட்டிகளும் இதே தந்திரத்தில் கைதேர்ந்தவை. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல் தோல் புற்றுநோய் மூளைவரை பரவியிருந்தது. கட்டி மிதித்திருந்த வேறொரு பிரேக்கை விடுவிக்கும் மருந்தும் கதிர்வீச்சும் கைகொடுக்க, அவர் 100 வயதைக் கண்ட பிறகே காலமானார்.

புழுவிடம் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. குட்டிகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கி, கொசு கடிக்கும் நள்ளிரவையொட்டி வெளியே வருகின்றன. அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் ஊர் அடங்கும் நேரத்தில் டார்ச் விளக்கும் கண்ணாடித் தகடுகளுமாகக் கதவைத் தட்டி, விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். 'பகலில் வந்தால் என்னவாம்' என்று முணுமுணுப்பவர்களுக்கு இதைச் சொன்னால் கையை நீட்டிவிடுவார்கள்.

நோயை விளம்பரப்படுத்தும் முறையிலும் கோளாறு இருக்கிறது. சுவரொட்டியில் வீங்கிப் பருத்த கால் ஒன்றைப் போடுகிறார்கள். பார்ப்பவர் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார். உண்மையில் கால் வீங்கியவர்களில் பலரது ரத்தத்தில் குட்டிப் புழுவே இருப்பதில்லை. புழுக்கள் சாகும்போது உடம்பு தாமதமாக விழித்துக்கொண்டு நடத்தும் சண்டையும், பழுதான குழாய் வழியே சேரும் பாக்டீரியாக்களும் வீக்கத்துக்குப் பெரும் காரணம். கொசு வழியாக அடுத்த வீட்டுக்கு நோய் போவது பெரும்பாலும் திடமாக நடமாடுகிறவரிடமிருந்துதான். சுவரொட்டியில் இருக்க வேண்டியவர் அவர்.

பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் கூட்டு மருந்து விநியோகம் நடக்கிறது. 2027-க்குள் நோயை ஒழிப்பது இந்தியாவின் இலக்கு. இலங்கை 2016-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றுவிட்டது. இங்கே மாத்திரையை வாங்கி அலமாரியில் போட்டுவிடுகிறவர்கள்தான் பெரிய தலைவலி.

அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. மாத்திரை போட்ட சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் உடம்புவலியும் வருகின்றன. 'மாத்திரையால் நோய் வந்தது' என்று ஊருக்குள் பேச்சு கிளம்பிவிடுகிறது. பெரும்பாலும் நடப்பது வேறு: மருந்தில் குட்டிப் புழுக்கள் கூட்டமாகச் சாக, அதுவரை சும்மா இருந்த உடம்பு அவற்றின் மிச்சத்தைக் கண்டு எதிர்க்கிறது. காய்ச்சல் வந்தவரிடம் புழு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓரிரு நாளில் காய்ச்சல் தணிந்தும்விடும்.

இதை மறைத்து, 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லி மாத்திரையைத் திணிப்பதுதான் தவறு. சாப்பிட்ட பிறகே விழுங்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கிடையாது என்று சொல்லும் அதே மூச்சில், காய்ச்சல் வரலாம், ஏன் வரும் என்பதையும் சொல்லிவிடலாம். அன்று இரவு கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும், கூப்பிட்டால் எடுக்க ஒரு ஆளும் இருந்தால் போதும்.