ஓநாயை எண்ணினால் போதுமா?

“செர்னோபில்ல ஓநாய்லாம் ஜாலியா இருக்கு. நீங்கதான் கதிர்வீச்சுன்னா அலறுறீங்க” என்று நண்பர் ஒரு காணொளி அனுப்பினார். பனியில் ஓடும் ஓநாய்க் கூட்டம், பின்னணியில் பியானோ. வருஷம் ஒருமுறையாவது இது எனக்கு வந்துவிடுகிறது. இந்தமுறை பதில் எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

இதற்கெல்லாம் மூலம் 2015இல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வந்த ஆய்வு. பெலாரஸ் பக்கத்து விலக்கு மண்டலத்தில் பனித்தடங்களை எண்ணினார்கள். மான்களும் காட்டுப்பன்றிகளும் கதிர்வீச்சு படாத காப்பகங்களில் உள்ள அளவுக்கே இருந்தன. ஓநாய் மட்டும் ஏழு மடங்கு. இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கதிர்வீச்சு நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை, மனிதர்களின் வேட்டையும் விவசாயமும் அதைவிட மோசம் என்பதே அர்த்தம் என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். காணொளிக்காரர்களுக்கு அது காதில் விழவில்லை.

தலையை எண்ணுவது வேறு, உடம்பைப் பார்ப்பது வேறுங்க. மோலரும் மூசோவும் அங்குள்ள தகைவிலான்களின் இறகில் வெள்ளைத் திட்டுகளைக் கண்டார்கள். கதிர்வீச்சு கூடிய இடத்துப் பறவைகளின் மூளை சிறிதாக இருப்பதாகவும் எழுதினார்கள். அவர்கள் முடிவுகளை ஏற்காத விஞ்ஞானிகளும் உண்டு. சண்டை இன்னும் முடியவில்லை.

எதிர்த்தரப்பும் யோக்கியமில்லை. எலிகளில் மரபணு மாற்றம் தாறுமாறாக எகிறுகிறது என்று 1996இல் பேக்கர் குழு ‘நேச்சர்’ அட்டையிலேயே வந்தது. மறுபடி சோதித்தபோது தவறு தெரிந்தது, அடுத்த வருஷமே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நேர்மையை யாராவது ஃபார்வர்ட் செய்து பார்த்திருக்கிறீர்களா?

எனக்குப் பிடித்தது பவேரியப் பன்றிக் கதை. செர்னோபிலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கே மான்கறியில் சீசியம் குறைந்துவிட்டது, பன்றிக்கறியில் அவ்வளவாகக் குறையவில்லை. சீசியம் மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது, அங்கே விளையும் காளானைப் பன்றி தோண்டித் தின்கிறது. 2023இல் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்த்தால், கணிசமான பங்கு செர்னோபிலுடையதே அல்ல, அறுபதுகளின் அணுகுண்டுச் சோதனைகளுடையது! காற்றில் கருவியை நீட்டி அளந்திருந்தால் இது தெரிந்திருக்குமா? விலங்கு எதைத் தின்கிறது என்று பார்க்காமல் கதிர்வீச்சைப் பற்றிப் பேசுவது வெட்டிப்பேச்சு.

இத்தனையும் எழுதி அனுப்பினேன். “அப்போ ஓநாய்க்கு நல்லதா கெட்டதா, ஒரே வரியில சொல்லுங்க” என்றார். “அதைப் பிடித்து ரத்தம் எடுத்துப் பார்க்கணும். 2022 போருக்கு அப்புறம் அந்தக் காட்டில் கண்ணிவெடி இருக்கு” என்று பதில் போட்டேன். இன்னும் ஒற்றை டிக்தான்.