உறுதி ஓரிடம், உழவு ஓரிடம்

நிலாவரைக் கிணற்றை அறியாதார் யாழ்ப்பாணத்தில் இலர். புத்தூரை அடுத்த நவக்கிரியில், வீதியோரமாக, அடிகாணா ஆழமென்று பெயர் பெற்று நிற்கின்றது அது. மேலே நன்னீர், ஆழம் செல்லச் செல்ல உவர்நீர். 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலிலே எமர்சன் தெனன்ற் புத்தூர்க் கிணறு என்று இதனைக் குறித்துவைத்தார். வெளியூரார் வந்து எட்டிப் பார்ப்பதும், இராமபிரான் அம்பூன்றி நீர் வருவித்த கதையைக் கேட்பதும், திரும்பிப் போவதும் நெடுங்கால வழக்கம். கிணற்றைப் பார்க்கிறவர்கள் கிணற்றைச் சூழ்ந்த தோட்டங்களைப் பார்ப்பதில்லை. நாம் இங்கே பேசப் புகுந்தது அந்தத் தோட்டங்களைப் பற்றி.

அண்மையில் ஒரு பிற்பகல் புத்தூர்ச் சந்தியிலிருந்து அவ்வழியே நடந்து சென்றேன். வித்திட்டவனை ஏமாற்றாத செம்மண். வெங்காயப் பாத்திகள், மரவள்ளி, வாழை, புகையிலைக்குப் பண்படுத்திய தறை. எனினும் பசுமையான இரண்டு தோட்டங்களுக்கிடையே ஒன்று பற்றை மூடிக் கிடப்பதைப் பலமுறை கண்டேன். நாயுருவியும் பார்த்தீனியமும் ஆளுயரம் வளர்ந்திருந்தன. சிலவற்றைச் சுற்றிப் புது மதில் எழுந்திருந்தது. மதிலின் உள்ளே ஒன்றுமில்லை.

வாய்க்காலை மாற்றிக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு தோட்டக்காரரோடு பேச்சுக் கொடுத்தேன். அவர் இறைக்கின்ற பன்னிரண்டு பரப்பில் ஒரு பரப்பேனும் அவருடையதன்று. உடையவர்கள் உடன்பிறந்தார் நால்வர்: ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் இலண்டனில், ஒருவர் பாரிசில், மற்றவர் கொழும்பில். குத்தகை ஆண்டுக்கு ஆண்டு வாய்ப்பேச்சு. பக்கத்துப் பற்றைக் காணியைக் காட்டி, அதையும் கேட்டுப் பார்க்கலாகாதா என்றேன். "கேட்டனான் மாஸ்ரர். ஆருக்கும் எழுதிக் குடுத்தால் காணி போயிடும் எண்டு பயப்பிடுகினம்" என்றார்.

புத்தூரின் இன்றைய இடர் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. நிலத்தின் உறுதி வைத்திருப்போர் ஊரில் இல்லை. ஊரில் இருந்து உழுவோரிடம் உறுதி இல்லை. கிராமப் பொருளாதாரம் நலிந்தது என்று பேசுவோர் மழையையும் விலையையும் அரசாங்கத்தையும் குறை சொல்வார்கள். அவையெல்லாம் உண்மையே. ஆயினும் அவற்றுக்கு அடியில் இது இருக்கிறது.

புத்தூரார் விலைவீழ்ச்சியைப் பலமுறை கண்டு மீண்டவர்கள். ஒருகாலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தையை ஆண்டது. அவ்வாணிகத்துக்கென்றே 1934இல் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைந்தது. இந்தியா விடுதலை பெற்றபின் சுங்கவரி உயர அச்சந்தை கைநழுவியது. 1970க்கும் 1977க்கும் இடையே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதித் தடை வந்தபோது, துலா நின்ற கிணறுகளில் நீரிறைக்கும் இயந்திரம் பூட்டியவர்கள் கல்வீடு கட்டினார்கள். 1977இன் திறந்த பொருளாதாரம் அந்த வாழ்வைக் குலைத்தது. பின்னர்ப் போர். 1995 ஐப்பசியில் வலிகாமம் பெயர்ந்தபோது புத்தூரும் பெயர்ந்தது. மறுவருடம் திரும்பிவந்து தூர்ந்த கிணறுகளை இறைத்தது. 2021இல் செயற்கை உரத்துக்குத் தடை வந்து சில மாதங்களில் நீங்கியது. 2022 ஆவணியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. இத்தனைக்குப் பின்னும் அச்சுவேலிச் சந்தைக்கும் சுன்னாகச் சந்தைக்கும் விடியற்காலையில் மூடைகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. உழைப்பாளி ஓயவில்லை. ஆனால் காலடியில் உள்ள நிலம் தனதன்று என்னும் நிலையில் எத்தனை அடியை ஒருவன் தாங்குவான்?

ஊரைவிட்டுப் போதல் நமக்குப் புதிதன்று என்று சொல்வாருண்டு. மெய்தான். புத்தூருக்கு அயலூராகிய சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைக்குப் போயிராவிடில் கலித்தொகை அச்சேற இன்னும் எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ. பின்வந்தோர் மலாயாவுக்கும் கொழும்புக்கும் எழுதுவினைஞராய்ப் போனார்கள். நம்முடையது மணியோடர்ப் பொருளாதாரம் என்று கேலி பேசப்பட்டது. ஆனால் அன்று போனவர்களிற் பலர் ஓய்வூதியத்தோடு திரும்பினார்கள். திரும்பியவர் கிணற்றுக்கட்டில் அமர்ந்து, வாய்க்கால் உடைந்ததைக் கண்டு சத்தமிட்டார். இன்று போனவர் போனவரே. பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயர் தெரியும். காணியின் எல்லை தெரியாது. மக்கள்தொகை தேய்ந்ததற்கு வேறு சான்று வேண்டியதில்லை: கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன, 2015இல் ஏழு, 2024இல் ஆறு.

உடையவன் வந்து பாராத நிலம் அவனோடு பிணங்கும் என்பது உழவைப் பற்றி வள்ளுவர் கொண்ட கருத்து. புத்தூரில் நிலத்தை நாள்தோறும் பார்க்கிறவன் ஒருவன், உடையவன் வேறொருவன். அந்நிலம் யாரோடு பிணங்கும்? உரைகாரர்கள் இதற்கு விடை கூறிச் செல்லவில்லை.

பிணக்கின் விளைவுகளை மட்டும் கண்ணாரக் காணலாம். ஒரு வருடத்துக்கு மட்டும் காணி பெற்றவன் அதிலே மாடுகட்டி எருப்படுத்த மாட்டான். குழை தாழ்க்க மாட்டான். பலன் அடுத்தவனுக்கல்லவா போய்விடும்? உடனே பலன் தருகின்ற யூரியாவை அள்ளி இறைப்பான். அது மழையோடு கரைந்து சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேரும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகின்றனர். அதே நீரைத்தான் ஊர் குடிக்கின்றது. வடகீழ்ப் பருவமழை ஒன்றே நிரப்புகின்ற நிலத்தடி நீர் இது. அளவுமிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே வரும். பங்குக் கிணறுகளின் நிலை இன்னும் பரிதாபமானது. நமது உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் என்று எழுதும் மரபுண்டு. ஆறு பங்காளரில் நால்வர் கடல்கடந்திருக்க, சேறு எடுக்கும் செலவை எஞ்சிய இருவர் எங்ஙனம் சுமப்பது?

உடையவர்களின் அச்சத்தை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. பிறர் காணியைத் தடையின்றிப் பத்தாண்டு தனதெனக் கொண்டு ஆண்டவன் ஆட்சியுரிமை கோரலாம் என்பது இலங்கைச் சட்டம். போரினால் உரிமையை நிலைநாட்ட முடியாது போனவர்களுக்கென 2016இல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அகதியாய் ஓடி, பனிக்குளிரில் பாத்திரம் கழுவி உழைத்தவனுக்கு ஊர்க்காணி என்பது பணமதிப்பு மட்டுமன்று. பெற்றோரின் எஞ்சிய அடையாளம். அவனை நான் பழிக்க மாட்டேன்.

எனினும் அவ்வச்சத்தின் மருந்து தலைகீழாய் உண்ணப்படுகின்றது. எழுதிக் கொடுத்தால் காணி போய்விடும் என்பது பிழை; எழுதாமல் விடுவதிலேதான் ஆபத்து மிகுதி. நொத்தாரிசு முன்னிலையில் முடிந்த குத்தகை உறுதியோடு காணிக்குள் இறங்கியவன், உடையவன் இன்னான் என்று ஒப்புக்கொண்டே இறங்குகிறான். அந்தக் குத்தகையைக் காட்டி அவன் ஆட்சியுரிமை கோர இயலாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு உறுதியாய் இருத்தல் வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. வாய்ப்பேச்சுக் குத்தகை உடையவனையும் காப்பதில்லை, உழுபவனையும் காப்பதில்லை.

சட்டங்கள் பல வந்தும் தோட்டக்காணியை உழுபவன் தப்பிப்போனது எப்படி? 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகையாளனுக்குப் பாதுகாப்பளித்தது. அது வயலுக்கு மட்டும். புத்தூரின் கிழக்கே வாதரவத்தைப் பக்கத்து வயலுக்கு அது பொருந்தலாம். மேற்கேயுள்ள செம்மண் தோட்டத்துக்குப் பொருந்தாது. 1972இன் காணிச் சீர்திருத்தம் ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தைத் தேடியது. பரப்புக் கணக்கில் துண்டுபட்ட யாழ்ப்பாணத்தில் அதற்கு அகப்பட்டது சொற்பம். நம்முடைய தேசவழமையோ காணியை விற்கும்போது முதலிற் கொள்ளும் உரிமை யாருக்கு என்பதை ஒல்லாந்தர் காலத்திலேயே எழுதிவைத்தது. உரித்தாளருக்கு உண்டு, பங்காளருக்கு உண்டு, அயற்காணிக்காரருக்கும் இருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதைப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் எனச் சுருக்கியது. உழுபவனின் பெயர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவன் பெயர் ஏன் இல்லை என்பதைச் சொல்லாமல் நழுவுதல் நேர்மையாகாது. உழுதவர்களிற் பெரும்பகுதியினரைச் சாதி நிலத்திலிருந்து விலக்கிவைத்திருந்தது. 2017இல் புத்தூர் மேற்கிலே கலைமதி கிராமத்து மக்கள், தம் குடியிருப்புகளுக்கிடையே உள்ள மயானத்தை அகற்றும்படி தொடர்போராட்டம் நடத்தினார்கள். சுடலைப் புகையை மூச்சில் வாங்கிக்கொண்டு வாழ யார்தான் விரும்புவர்? குடியிருக்க வேறு நிலமில்லாதவர்களே அங்கே குடியிருந்தார்கள். வெறுமையாய்க் கிடக்கும் தோட்டங்களையும் அந்த நெருக்கத்தையும் ஒரே ஊரின் படத்திற் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்திலே ஸ்கொட்லாந்து நினைவுக்கு வருகின்றது. நமது மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் துரைமாரை அனுப்பிய அந்நாட்டின் மலைப்புறக் குடியானவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, செம்மறியாட்டுக்கு இடம் விடும்படி நிலப்பிரபுக்களால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களிற் பலர் கப்பலேறிய நாடும் கனடாவே. எஞ்சியோர் கிளர்ந்தெழுந்ததன் பயனாக 1886இல் ஒரு சட்டம் வந்தது. அது நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. வாரம் கொடுத்து உழுபவனை எழுப்பக்கூடாது, அவன் உரிமை பிள்ளைக்கும் செல்லும் என்று மட்டும் விதித்தது. நூறாண்டுக்குப் பின்னரே அடுத்த படி வந்தது. 1993இல் அசின்ற் பகுதிக் குடியானவர்கள் தாம் இருந்த பெருநிலத்தை விலைக்கு வாங்கினார்கள். 1997 ஆனி 12இல் எக் என்னும் சிறு தீவின் மக்கள், அறுபத்துச் சொச்சம் பேர், பொதுமக்கள் உதவியோடு பதினைந்து இலட்சம் பவுண் திரட்டித் தம் தீவைத் தாமே வாங்கினார்கள். 2003இன் சட்டம், நிலம் விலைக்கு வரும்போது முதலிற் கொள்ளும் உரிமையை அவ்விடத்தில் வாழும் சமூகத்துக்கே வழங்கியது. எக் தீவில் இன்று குடித்தொகை நூறைக் கடந்துவிட்டது; 2008 முதல் தமக்கு வேண்டிய மின்சாரத்தைக் காற்றிலும் வெயிலிலும் ஓடும் நீரிலுமிருந்து தாமே பெறுகிறார்கள். எல்லா நோயும் தீர்ந்ததென்று கொள்ளற்க. 2017இன் இறுதியில் ஒரே வங்கி ஸ்கொட்லாந்தில் அறுபத்திரண்டு கிளைகளை மூடுவதாக அறிவித்தபோது சிற்றூர்கள் அங்கும் கலங்கின.

நமக்கும் அவர்களுக்கும் வேற்றுமை பெரிது. அங்கே ஒரு தீவுக்கு ஓர் உடையவன். இங்கே ஒரு தோட்டத்துக்கு நான்கு கண்டங்களில் ஒன்பது கையொப்பம். அங்கே உடையவன் அந்நியன். இங்கே அண்ணன் தம்பி. ஆகவே 2003ஐப் பார்த்து நாம் ஏங்குவதிற் பயனில்லை. நமக்கு வேண்டியது அவர்களின் 1886: உழுபவன் ஏழெட்டு ஆண்டுகளேனும் எழுப்பப்படான் என்னும் உறுதி.

அதற்குப் பாராளுமன்றம் கூடும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 1911இலேயே இலங்கையிற் கூட்டுறவுக் கடன்சங்கச் சட்டம் வந்தது. 1930களில் மூளாயிலே வைத்தியசாலையையே கூட்டுறவில் நிறுவியவர்கள் நம்மவர்கள். அத்தகைய சங்கமொன்று நடுநின்று, வெளிநாட்டிலுள்ள பங்காளர்களிடமிருந்து அற்றோர்ணித் தத்துவம் பெற்று, காணியை நெடுங்காலக் குத்தகைக்கு எடுத்து, நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். குத்தகைப் பணத்தில் ஒரு பகுதி கிணற்றுக்குச் சேறெடுக்கும் செலவுக்கு. கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் தாராளமாய்ப் பணம் அனுப்புகிற அன்பர்களிடம் இதற்கு ஒரு சதமும் கேட்கவேண்டியதில்லை, கையொப்பம் போதும். அக்கையொப்பத்தைப் பெறுவதுதான் பணம் பெறுவதிலும் கடினமென்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். நமது சங்கங்களிற் சில கட்சியாலும் கணக்குப் பிழையாலும் கெட்டதையும் மறப்பதற்கில்லை. நிருவாகசபையில் உழுபவர் பெரும்பான்மையாய் இராவிடில் இதுவும் ஊர்ப்பெரியோர் சிலரின் இன்னொரு நாற்காலியாய் முடியும்.

இவற்றையெல்லாம் அன்று அந்தத் தோட்டக்காரரிடமும் சொல்லிப் பார்த்தேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பொறுமையாய்க் கேட்டார். எக் தீவின் கதையில் அவருக்கு விருப்பம் மிகுந்தது. அங்கே வெங்காயம் விளையுமா என்று விசாரித்தார். குளிர்நாடு, ஆடும் மாடும் வளர்ப்பார்கள் என்றேன். "ஆடெண்டாலும் பரவாயில்லை" என்றார். பிறகு தண்ணீர் பாத்தியை மீறிப் போவதைக் கண்டு வாய்க்காலை மாற்றிக் கட்டப் போனார்.