கதவைச் சாத்திக்கொண்டு பீட்டர் விடுங்கள்

நம் ஊரில் இங்கிலீஷைத் தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். சரியாகப் பேசினால் ‘பீட்டர் விடுறான் பாரு’ என்பார்கள். இரண்டிலிருந்தும் தப்பிக்க ஒரே வழி வாயைத் திறக்காமல் இருப்பது. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்து, கட்டுரையை மனப்பாடம் செய்து, பரீட்சையில் தொண்ணூறு வாங்கிய பிள்ளைகள்கூட அந்த வழியில்தான் போகிறார்கள். கல்லூரிக் கடைசி வருஷத்தில் வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர் ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்று கேட்டதும் பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று மூன்று வாக்கியம் ஒப்பிக்கிறார்கள். நாலாவது வாக்கியம் வருவதில்லை.

இதற்கு மருந்தாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடிகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் நடக்கின்றன. அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேர வகுப்பில் 30 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு 2 நிமிஷம்தான் கிடைக்கும். ஆசிரியர் வாயைத் திறக்காமல் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த 2 நிமிஷத்திலும் பக்கத்து பெஞ்சுக்காரன் சிரிப்பானோ என்ற நினைப்பிலேயே பாதி போய்விடும்.

ஆகவே, வீட்டில் தனியாகப் பேசிப் பழகுவதை, பேச ஆள் கிடைக்காதவர்களின் மாற்று ஏற்பாடாக நான் நினைக்கவில்லை. நம் ஊர்ச் சூழ்நிலைக்கு அதுதான் சரியான ஆரம்பம். பாட்டுக்காரர்கள் விடியற்காலையில் எழுந்து ஆளில்லாத அறையில் சாதகம் செய்தால் ‘என்ன சிரத்தை’ என்று மெச்சுகிறோம். அதே அறையில் ஒருவர் தனக்குத்தானே இங்கிலீஷ் பேசினால் ‘என்னாச்சு இவனுக்கு’ என்கிறோம். இரண்டிலும் வேலை தொண்டைக்கும் நாக்குக்கும்தான்.

என் அக்கா மகள் எங்கள் வீட்டில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவள். ஒரு நாள் அடுப்படியிலிருந்து குரல் கேட்டது. “ஐ வாஷ்ட் த ரைஸ். நவ் ஐ ஆம் கட்டிங் ஆனியன்ஸ். த குக்கர் ஹேஸ் விசில்ட் ட்வைஸ். ஒன் மோர் விசில், அண்ட் ஐ வில் டர்ன் இட் ஆஃப்.” போனில் யாரோ தோழி என்று நினைத்தேன். போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. என் அம்மா எட்டிப் பார்த்து, “யாருகிட்டடி பேசுற?” என்றார்.

“குக்கர்கிட்ட, அம்மாச்சி.”

“ஓ, அதுக்குத் தமிழ் புரியாதாக்கும்!”

அவள் பாட்டுக்குத் தொடர்ந்தாள். சமைத்து முடிப்பதற்குள் கழுவியது, நறுக்கிக்கொண்டிருப்பது, விசில் வந்திருப்பது, இனி அணைக்கப்போவது என்று நாலு காலமும் அவள் வாயில் வந்து போயிருந்தன. இலக்கணப் புத்தகத்தில் அதே நாலும் நாலு தனிப் பாடம். கிரிக்கெட் வர்ணனையாளர் செய்வதும் இதுதான். கண்முன் நடப்பதை அப்படியே சொல்வது. என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம், எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசித்தால் போதும். பெருக்குவது, துணி மடிப்பது, சைக்கிள் டியூப் மாற்றுவது, எதற்கும் வர்ணனை பேசலாம்.

“எனக்கு வொக்காபுலரி பத்தாது மாமா” என்பது அவளுடைய நிரந்தரப் புகார். இந்தப் புகாரை நான் நம்புவதில்லை. அமெரிக்காவின் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலி 1959-இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்று ஓர் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆங்கிலம் கற்கும் வெளிநாட்டாருக்காக நிதானமான வேகத்தில் உலகச் செய்திகளையெல்லாம் படித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட சொற்கள் ஏறக்குறைய 1,500-தான். உலகச் செய்திக்கே அது போதுமென்றால் வெங்காயம் நறுக்குவதற்கும் நேர்முகத் தேர்வுக்கும் போதாதா?

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நாள், அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளைத் தமிழிலேயே சொல்லச் சொன்னேன். “அலாரத்தை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டேன். பஸ்ஸ மிஸ் பண்ணிட்டேன். ஃப்ரெண்டுக்கு கால் பண்ணேன், அவ வந்து பிக்கப் பண்ணா. ரெக்கார்ட லேட்டா சப்மிட் பண்ணேன்.” தமிழில்தான் சொன்னாள். ஆனால் மிஸ், கால், பிக்கப், சப்மிட் என்று செய்த காரியமெல்லாம் இங்கிலீஷ். எப்போது செய்தது, யார் செய்தது என்ற பாரம் முழுவதையும் ‘பண்ணு’ என்ற ஒற்றைச் சொல் தூக்கிக்கொண்டு போகிறது. இங்கிலீஷ் வார்த்தை நோகாமல் முன்னால் நிற்கிறது. இப்படி ஆயிரம் வார்த்தைகளை நாம் நாள் முழுக்கப் புழங்குகிறோம். ஒன்றையாவது நேற்றைக்கும் நாளைக்கும் வளைத்துப் பழகியதில்லை.

அதனால் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ராத்திரி படுக்கும் முன் அன்றைய ‘பண்ணு’களை நினைவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் பண்ணுவைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “ஐ மிஸ்ட் த பஸ். ஐ கால்ட் மை ஃப்ரெண்ட். ஷீ பிக்ட் மீ அப். ஐ சப்மிட்டட் மை ரெக்கார்ட் லேட்.” அந்த ‘பிக்ட் மீ அப்’பில் ‘மீ’ நடுவில் போய் உட்காருவதை விதியாக விளக்கினால் தலை சுற்றும். பத்து தடவை சொன்னால் நாக்கு தானாக வைத்துவிடும். தமிழர்களுக்கென்றே இதைவிடப் பொருத்தமான பயிற்சி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு தடுமாற்றமும் தமிழிலிருந்து வருவதுதான். “நேத்து ராத்திரி எங்க தெருவுல கரண்ட் போனதால என்னால படிக்க முடியல” என்கிறோம். நேரம், இடம், காரணம் எல்லாம் முன்னால் வரிசை கட்டி, வினை கடைசியில் சாவகாசமாக வரும். இங்கிலீஷ் அதுவரை பொறுக்காது. ‘ஐ குடின்ட் ஸ்டடி’ என்பதை முதலில் கேட்கும், மற்றதெல்லாம் பின்னால். தமிழில் வாக்கியத்தை முழுதாகக் கட்டி முடித்து மனதுக்குள் மொழிபெயர்க்கப் போனால் பாதியில் மாட்டிக்கொள்வோம். யார், என்ன செய்தார் என்ற இரண்டையும் முதலில் வெளியே தள்ளிவிடும் பழக்கம் வந்துவிட்டால் மீதி பின்னாலேயே வந்துவிடும்.

கேள்வி கேட்பதிலும் அப்படித்தான். தமிழில் கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்த்தாலோ, ‘எங்கே’, ‘ஏன்’ என்று ஒரு சொல்லைப் போட்டாலோ கேள்வி, வரிசை மாறாது. அதனால்தான் ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்று நம் வாயில் வருகிறது. தனியாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் பதில் சொல்லியே பழகுகிறார்கள், கேள்வி கேட்டுப் பழகுவதில்லை. இரண்டு வேஷமும் நீங்களே போடுங்கள். பேங்க் கவுன்ட்டரில் நிற்பவரும் நீங்களே, உள்ளே உட்கார்ந்து எரிந்து விழுபவரும் நீங்களே. பின்னதை நடிப்பது சுலபம்.

பேச்சில் வேகம் வருவதற்கு நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 1989-இல் எழுதிய ஒரு முறை எனக்குப் பிடிக்கும். முறையைச் சொன்னவர் அவருக்கு முன்பே கீத் மாரிஸ் என்பவர். நேஷன் அதைச் சோதித்துப் பார்த்தார். ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் 4 நிமிஷம் பேச வேண்டும். அதையே இன்னொருவரிடம் 3 நிமிஷத்தில். மூன்றாமவரிடம் 2 நிமிஷத்தில். வகுப்பறைக்கு என்று வந்த முறைதான், ஆனால் வீட்டில் மூன்று ஆளுக்குப் பதில் போன் ரெக்கார்டர் போதும். நீங்கள் பார்த்த கடைசிப் படத்தின் கதையைச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை ‘அது வந்து’ என்று இழுப்பதிலேயே நேரம் போகும். மூன்றாவது தடவை கதையும் தெரியும், வார்த்தையும் தெரியும். வாய் ஓட வேண்டியதுதான் பாக்கி. தினம் ஒரு புதுத் தலைப்பு என்று அலைகிறவர்கள் இந்த ஓட்டத்தைப் பார்ப்பதே இல்லை.

ரெக்கார்ட் செய்ததைக் கேட்கும்போது ‘சீ, இதுவா என் குரல்’ என்று தோன்றும். எல்லாருக்கும் தோன்றுவதுதான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் காதுக்கு வருகிறது. அதில் கொஞ்சம் கனம் சேரும். ரெக்கார்டரில் அந்தக் கனம் இருக்காது. குரலை விட்டுவிட்டு, எங்கே திணறினோம் என்பதை மட்டும் கேட்டால் போதும்.

உச்சரிப்பில் அமெரிக்கக்காரன் மாதிரி நாக்கைச் சுழற்றுவது தேவையில்லாத வேலை. அப்படிச் சுழற்றுகிறவர்களைக் கேட்டால் எனக்கே ‘பீட்டர்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரண்டு விஷயத்தைச் சரிசெய்துகொள்வது நல்லது. ஒன்று, சில ஒலிகள். அக்கா மகள் போனில் குரல் வழியே தட்டச்சு செய்யும் வசதியைத் திறந்து, காபி போடுவதாகச் சொன்னாள். அவள் நகல் எடுப்பதாகப் போன் எழுதியது. ‘ஃப’ என்று எழுதிவிட்டு ‘ப’ என்று சொல்கிற வாய் நமக்கு. கீழுதட்டை மேல்பல் தொட்டுக் காற்றை விட்டுச் சொன்ன பிறகுதான் போன் காபி கொடுத்தது. இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது, காசும் கேட்காது.

மற்றது அழுத்தம். ஹைதராபாத்தில் 1958-இல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனத்தின் ஆர்.கே. பன்சால் இந்தியர்களின் ஆங்கிலம் வெளிநாட்டாருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969-இல் நூலாக வெளியிட்டார். புரியாமல் போவதற்கு அவர் கண்ட முக்கியமான காரணங்களில் ஒன்று, சொல்லில் அழுத்தம் தப்பான இடத்தில் விழுவது. தமிழில் சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. அதனால் நம் காது அதைக் கவனிப்பதில்லை. டெவலப் என்பதில் ‘வெ’யில் அழுத்தம், நாம் ‘டெ’யில் போடுகிறோம். ஹோட்டலில் இரண்டாம் அசையில். நாம் முதலிலேயே போட்டுவிடுகிறோம். அகராதியில் அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். போன் அகராதியிலோ ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினால் சொல்லியே காட்டும்.

‘தினம் ஹிண்டு தலையங்கத்தைச் சத்தமாகப் படி’ என்பது நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் புத்திமதி. எனக்கு இதில் உடன்பாடில்லை. தலையங்க நடையில் யாரும் பேசுவதில்லை. அந்தத் தலையங்கத்தை எழுதியவரும் வீட்டில் அப்படிப் பேசமாட்டார். சத்தமாகப் படிப்பதென்றால் பேட்டிகளைப் படியுங்கள், நாடகங்களைப் படியுங்கள். அதைவிட மேல், ஒரு பேட்டியைப் போட்டுவிட்டு, பேசுகிறவர் பின்னாலேயே அரை வாக்கிய இடைவெளியில் நீங்களும் சொல்லிக்கொண்டே போவது. பேச்சை உடனுக்குடன் வாய்மொழியாக மொழிபெயர்ப்பவர்களுக்குத் தரும் பயிற்சிகளில் இதுவும் உண்டு. மூச்சு வாங்கும், பாதி விட்டுப்போகும். ஆனால் எங்கே நிறுத்துகிறார், எங்கே இழுக்கிறார் என்பது வாய்க்குப் பிடிபடும்.

தனியாகப் பழகுவதில் ஒரு குறை உண்டு. குக்கர் எதிர்க்கேள்வி கேட்காது. இப்போது போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு பதில் பேசுகிறது, திருத்துகிறது, அலுக்காமல் கேட்கிறது. நல்ல துணைதான். ஆனால் அதற்குப் பொறுமை அதிகம். நேர்முகத் தேர்வில் உட்காருகிறவருக்கு அவ்வளவு இருக்காது. தனியே பேசி நாக்கு வசப்பட்டவுடன், ஒரு நிஜ ஆளிடம் போய்த்தான் ஆக வேண்டும். அதை இரண்டு வருஷம் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்களுக்குத் தனிமை ஒரு சாக்கு.

கடைசியாக, பழகுகிறவர்களுக்கு இல்லை, கூட இருப்பவர்களுக்கு. 2012-இல் வந்த ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ படம் தமிழிலும் வந்தது. அதில் ஸ்ரீதேவியின் இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்தவர்கள் தெருவில் போகிறவர்கள் அல்ல, புருஷனும் மகளும். தெருவில் சிரித்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம், கதவுக்கு உள்ளேயே சிரித்தால் எங்கே போவது? உங்கள் வீட்டில் யாராவது அறைக்குள் தனியாக இங்கிலீஷ் பேசிப் பழகுவது காதில் விழுந்தால் எட்டிப் பார்க்காதீர்கள், திருத்தப் போகாதீர்கள். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.