கைப்பிடி யாருக்குக் கட்டுப்பட்டது?

சவரக் கருவியின் சிக்கனத்தை அதன் கடைவிலை மட்டும் சொல்லிவிடாது. அதன் கைப்பிடி யாருடைய பிளேடையெல்லாம் ஏற்கும் என்பதையும் பார்க்க வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் தம் இருமுனை பிளேடுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1904இல். அவ்வுரிமை 1921இல் முடிந்தபின் பிறரும் அத்தகைய பிளேடுகளைச் செய்யலாயினர். காலப்போக்கில் அதன் அளவும் உலகப் பொதுவாயிற்று. இந்திய முடிதிருத்தகங்களில் ஒரு பிளேடை இரண்டாக ஒடித்து, ஆளுக்குப் பாதியாகப் பயன்படுத்துவதும் அந்தப் பொதுமையின் பயனே.

காட்ரிட்ஜ் கருவிகளின் நிலை வேறு. கைப்பிடி மலிவாகக் கிடைக்கும். பிறகு அதற்கென்றே வார்க்கப்பட்ட தலையை அதே நிறுவனத்திடம் மீண்டும் மீண்டும் வாங்க வேண்டும். அவை பயன்படுத்த எளியவை என்பதை மறுப்பதற்கில்லை. இருமுனைக் கருவியை அழுத்தினால் தோல் வெட்டுப்படும். கோணம் பிடிபடச் சில வாரங்கள் ஆகும். ஆனால் கைப்பழக்கம் ஒருமுறை கற்பது. சார்புநிலையோ ஆயுள் முழுதும் தொடர்வது.

உதவித்தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் ஆய்வு மாணவருக்கு இவ்வேறுபாடு அற்பமானதன்று. தற்சார்பு என்பது எதையும் வாங்காமல் வாழ்வதன்று. யாரிடம் வாங்குவது என்னும் தேர்வைக் கையில் வைத்திருப்பது. ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: செய்த நிறுவனம் நாளை மூடப்பட்டாலும் இக்கைப்பிடி பயன்படுமா?